காட்சிக்கு ஒரு ஜன்னல், வேலைக்கு ஒரு ஜன்னல்

வாசகர் கேள்வி – பதில்: பழைய மலைவீடும் ஓவியக்கூடமும்

பழைய ஓட்டு வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, அதிலேயே வரையவும் வனையவும் இடம் அமைத்துக்கொள்ள விரும்பும் கலைஞர்களின் கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை ஏற்காடு, கொடைக்கானல் பக்கமிருந்து வந்தவை. கடற்கரையிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது.

ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டத்துக் கல் வீடு வாங்கியிருக்கிறோம். 18 அங்குலக் கல் சுவர், மங்களூர் ஓடு. மேற்குப் பக்கம் பள்ளத்தாக்கு. அந்தச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி வைத்து, 14 அடிக்கு 14 அடி அறையை ஓவியக்கூடமாக்க நினைக்கிறேன். வெளிச்சமும் கிடைக்கும், காட்சியும் கிடைக்கும் அல்லவா? — வாசகி, ஏற்காடு

இரண்டையும் ஒரே திறப்பில் தேட வேண்டாம். மலையில் வீடு கட்டும் ஓவியர்கள் அதிகம் வருந்துவது இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

மார்ச் மாத மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் நேர் மேற்கே நிற்கும். 7 அடி உயரக் கண்ணாடி வழியாக அந்த வெயில் அறைக்குள் 12 அடி வரை நீளும். உங்கள் அறையே 14 அடிதான். திரை போட்டு மூடுவீர்கள். மூடினால் காட்சியும் போச்சு, வெளிச்சமும் போச்சு. இன்னொன்று, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது: பள்ளத்தாக்கு முழுக்க மரம். இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பச்சை கலந்தது. அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியும் தோல் நிறம், சென்னைக் கண்காட்சிக் கூடத்தின் வெள்ளை விளக்கில் செம்மை தூக்கலாகத் தெரியும். அறைக்குள் இருந்த பச்சையை ஈடுகட்ட உங்கள் கை தானாகவே சிவப்பைக் கூட்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை உள்சுவரில் ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) 5500 கெல்வினில் பூட்டிவிட்டு, காலை 11 மணிக்குப் படம் எடுத்துப் பாருங்கள்.

வேலைக்கான ஜன்னல் வடக்கே வரட்டும். கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது ஈஸலில் விழுவது வானத்து வெளிச்சம். மரத்து வெளிச்சம் அல்ல. மொத்த ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். உங்கள் 196 சதுர அடிக்கு 4½ அடி அகலம், 4 அடி உயரத்தில் இரண்டு ஜன்னல், நடுவே 3 அடிக்குக் குறையாத சுவர். பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உருப்படியாக உள்ளே போகும். 8 அடி உயரத்தில் மேல்விளிம்பு இருந்தால் 16 அடி வரை தாராளம்.

ஐரோப்பியப் பழக்கத்தில் எழுதப்பட்ட புத்தகங்கள், வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வரவே வராது என்று சொல்லும். ஏற்காடு 11.8 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சியைத் தாண்டும் சூரியன், ஆகஸ்ட் 22 வாக்கில்தான் தெற்கே திரும்பும். நடுவில் நான்கு மாதம் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் இன்னும் சாய்ந்து வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். இதற்கு மருந்து எளிது. ஜன்னலின் மேல்விளிம்புக்கு நேராக 2½ அடி நீட்டிய சன்ஷேட் அல்லது தாழ்வாரம் இருந்தால், 4 அடி உயர ஜன்னலில் ஜூன் மாதத்திலும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயில் நுழையாது. அதற்கு முன்னும் பின்னும் வரும் தாழ்ந்த வெயிலைத் தடுக்க, ஜன்னலுக்கு வெளியே 2 அடிக்கு ஒன்றாக, 9 அங்குல ஆழத்தில் செங்குத்துப் பலகைகள் நிறுத்துங்கள். அவற்றுக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள்.

பள்ளத்தாக்கையும் இழக்க வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் 3 அடிக்கு 3 அடியில், உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வரும் ஒரு ஜன்னலும் திண்ணையும் போதும். அதற்கு மரக்கதவு வையுங்கள். வரையும் நேரத்தில் மூடிவிடலாம். கை கழுவிவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது திறந்துகொள்ளலாம்.

இனி இடிப்பு. கல் சுவரைத் திறப்பதில்தான் உயிருக்கு ஆபத்து. மண் சாந்தில் கட்டிய சுவரில் கீழே ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் லிண்டல் (திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் விட்டம்) வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேலையை நிறுத்திவிடுங்கள். முதலில் சுவரிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி, கைமரங்களின் அடியில் குறுக்குக் கட்டை கொடுத்து ஜாக்கி முட்டு நிறுத்த வேண்டும். லிண்டலைத் தரையிலேயே வார்த்து 28 நாள் பதப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலச் சுவருக்கு 9 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. 6 அடி நீளம், 6 அங்குலக் கனம். கீழே 12 எம்எம் கம்பி இரண்டு, மேலே 10 எம்எம் இரண்டு. ஒரு துண்டே 150 கிலோ வரும், நான்கு ஆள் வேண்டும். சுவரின் வெளிப்பாதிக் கனத்தில் மட்டும் பள்ளம் வெட்டி முதல் துண்டை ஏற்றி, மேலே உள்ள இடைவெளியைக் கெட்டியான சிமெண்டுச் சாந்தும் கல் சில்லும் வைத்து இறுக அடைக்க வேண்டும். 7 நாள் கழித்து உள்பாதி. இரண்டு துண்டும் அமர்ந்து, மேலும் ஒரு வாரம் போன பிறகே கீழேயுள்ள கல்லைப் பிடுங்கலாம். இருபுறமும் 9 அங்குலம் லிண்டல் சுவரில் உட்கார வேண்டும். வீட்டு மூலையிலிருந்து 3 அடிக்குள் எந்தத் திறப்பும் வேண்டாம்.

தரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். செங்காவித் தரை அழகுதான், திண்ணையிலும் கூடத்திலும் போடுங்கள். ஓவிய அறையில் வேண்டாம்: தரையில் பட்ட வெளிச்சம் கேன்வாஸின் கீழ்ப்பாதியைச் சிவப்பாக்கும். அங்கே சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை போடுங்கள். சுவருக்கும் பளபளப்பில்லாத வெளிர் சாம்பலே நல்லது.

முந்தைய சொந்தக்காரர் கல் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பூசி எமல்ஷன் அடித்திருக்கிறார். தரையிலிருந்து 3 அடி வரை பெயின்ட் உரிகிறது, வெள்ளையாகப் பூக்கிறது. ஓதம் தடுக்கும் பெயின்ட் இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. — வாசகர், நாகலூர்

நிற்காது. தண்ணீர் மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறுகிறது. முன்பு அது சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போய்க்கொண்டிருந்தது. சிமெண்டும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டதால், அது பூச்சுக்குப் பின்னால் தேங்கி இன்னும் மேலே ஏறுகிறது. உடன் வரும் உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. நீங்கள் அடித்த ஒவ்வொரு கோட்டும் அடைப்பைக் கூட்டியிருக்கிறது.

வேலையை வெளியே தொடங்குங்கள். மலைவீட்டில் மேட்டுப் பக்கச் சுவரில் பெரும்பாலும் மண் சரிந்து மேவியிருக்கும். வெளித்தரை உள்தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கும்படி அந்த மண்ணை எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து 5 அடி தள்ளி, மேட்டுப் பக்கம் ஒரு மறிகால்: 1 அடி அகலம், 1½ அடி ஆழம், 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு, 40 எம்எம் ஜல்லி நிரப்பல். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் பீலி வைத்து அந்த வாய்க்காலுக்கே கொண்டு போங்கள். பல வீடுகளில் பாதி ஓதம் இதிலேயே நின்றுவிடும்.

பிறகு ஈரக் கோட்டுக்கு 1 அடி மேல் வரை சிமெண்டுப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுங்கள். உடனே பூச வேண்டாம். ஜனவரியில் கொத்தினால் மே வரை காயட்டும். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள் போகும்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. சுண்ணாம்பை நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊற விட வேண்டும். பழைய மூட்டையில் கிடக்கும் பொடிச் சுண்ணாம்பு காற்றுப் பட்டு ஏற்கெனவே செத்திருக்கும், அதை நம்பாதீர்கள். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து 10 முதல் 15 நாள் தண்ணீரில் புளிக்க வைத்து, வெல்லத்தோடு சேர்த்துக் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. பூச்சுக்கு இறுக்கம் தரும். முதல் கோட் 10 முதல் 12 எம்எம், ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டுக் காத்து, இரண்டாவது கோட் 8 எம்எம். கனமாக ஒரே கோட்டில் பூசினால் மேல் தோல் மட்டும் இறுகி உள்ளே மாவாக இருக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு சட்டி சிமெண்டு கலப்பார். அதை மட்டும் அனுமதிக்காதீர்கள், மறுபடியும் முதலிலிருந்து வர நேரும். மேலே எமல்ஷன் கூடாது. சுண்ணாம்பு வெள்ளையே மூன்று கை அடியுங்கள். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் பக்கத்தில் போக வேண்டாம்.

30 அடிக்கு 20 அடி வீடு. ஓடு மாற்ற எத்தனை ஓடு வேண்டும்? வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு எத்தனை வைக்கலாம்? எவ்வளவு மாற்றினாலும் மழையில் ஒழுகுகிறதே, ஏன்? — வாசகர், கொல்லிமலை

தரைப் பரப்பு 600 சதுர அடி. கூரை 30 டிகிரி சாய்வானால் பரப்பு 15 சதவீதம் கூடி 690 சதுர அடி ஆகும். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும். ஆக 970, உடைசலுக்கும் குரங்குக்கும் சேர்த்து 1,070 வாங்குங்கள். இறவாரம் நீட்டியிருந்தால் அதையும் அளந்து சேர்க்க வேண்டும். முகட்டு ஓடு தனிக் கணக்கு. மிச்ச ஓட்டை வீட்டிலேயே வையுங்கள், ஏனென்றால் ஒழுகலுக்கு முதல் காரணம் அதில்தான் இருக்கிறது: வேறு வேறு சூளை ஓடுகளின் வாய்க்கால் ஒன்றோடொன்று கவ்வாது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஆலை தொடங்கிய பிறகு பல ஊர்களில் இந்த ஓடு அடிக்கத் தொடங்கினார்கள். அச்சுக்கு அச்சு நூல் அளவு வித்தியாசம் உண்டு. பழைய ஓட்டில் நல்லதைப் பொறுக்கி ஒரு சரிவு முழுக்கவும், புது ஓட்டை மறு சரிவு முழுக்கவும் போடுங்கள். கலக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளி. ஆசாரி அளவு தெரியும் என்று பழைய கணக்கில் அடித்துவிடுவார். நீங்கள் வாங்கிய ஓட்டில் பத்தைத் தரையில் வரிசையாகக் கவ்வ வைத்து, ஒரு முறை முழுக்க இழுத்தும் ஒரு முறை முழுக்க நெருக்கியும் அளந்து, சராசரியைப் பத்தால் வகுத்தால் வருவதே சரியான இடைவெளி. ரீப்பர் 2 அங்குலத்துக்கு 1 அங்குலம்; கைமரம் 2 அடிக்கு ஒன்றுக்கு மேல் விலகினால் ரீப்பர் தொய்ந்து ஓடு வாய் பிளக்கும். மூன்றாவது, சாய்வு. 25 டிகிரிக்குக் கீழே போனால் காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறும். ஓடு மாற்றிப் பயனில்லை, கைமரத்தைத்தான் தூக்க வேண்டும்.

கண்ணாடி ஓடு ஆறு போதும். எங்கே வைத்தாலும் நேர் வெயில் விழும். டிசம்பர் நண்பகலில்கூட ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் சூரியன் 55 டிகிரி உயரத்தில் இருப்பதால், 30 டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவிலும் அது படும். அதனால் ஓட்டுக்கு 1½ அடி கீழே, மரச்சட்டத்தில் வெள்ளை மல் துணி இழுத்துக் கட்டுங்கள். வெயில் பொட்டு பரவி மென்மையாகிவிடும். துணியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துவைக்கிற மாதிரிக் கொக்கியில் மாட்டுங்கள்.

மழைக்காலம் முடிந்து பார்த்தால் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சணம். தாளில் வரைந்தவற்றில் பழுப்புப் புள்ளி. அறையில் கணப்பு மூட்டினால் சரியாகுமா? — வாசகி, கொடைக்கானல்

கணப்பு வேண்டாம். ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர்; கேன்வாஸ் தினமும் இறுகித் தொய்ந்து பெயின்ட்டில் விரிசல் விடும். புகைப் படிவு வேறு. 300 ரூபாய்ச் சமாசாரமான ஈரப்பத மீட்டர் ஒன்றை அறையில் மாட்டுங்கள். முள் 65 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். வீடு முழுவதையும் உலர்த்த முடியாது. 8 அடிக்கு 10 அடி உள்ளறை ஒன்றை மட்டும் படைப்புகளுக்கு ஒதுக்கி, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டி, நாளுக்கு 10 முதல் 12 லிட்டர் இழுக்கும் ஈரநீக்கி ஒன்றை ஓட விடுங்கள். முள் 50-க்கும் 55-க்கும் நடுவே நிற்கட்டும். வெளிச்சுவர் இல்லாத அறையாக இருப்பது முக்கியம்.

அடுக்கும் தட்டு தரையிலிருந்து 4 அங்குலம் மேலே, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி. கேன்வாஸை நிமிர்த்தியே நிறுத்துங்கள், பாலிதீனில் சுற்ற வேண்டாம். சுவரில் மாட்டும் படத்துக்கு நான்கு மூலையிலும் பின்புறம் கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும். பிடித்துவிட்ட பூஞ்சணத்தை, வெயிலும் காற்றும் உள்ள நாளில், வெளியே வைத்து, என்95 முகக்கவசத்தோடு, மென்தூரிகையால் பின்பக்கம் மட்டும் துடையுங்கள். ஈரத்துணி, பிளீச்சிங் எதுவும் கூடாது. இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: மழைக்காலத்தில் தொய்ந்த கேன்வாஸை மூலை ஆப்பு அடித்து இறுக்குவது. பிப்ரவரியில் அது மேலும் இறுகிப் பெயின்ட்டைக் கிழிக்கும்.

எண்ணெய் வண்ணம் துடைத்த துணி, அக்ரிலிக் கழுவிய தண்ணீர் இவற்றை என்ன செய்வது? தோட்டத்தில் கொட்டலாமா? வீட்டுக்குக் கீழே கிணறு இருக்கிறது. — வாசகர், சிறுமலை

துணியை முதலில் சொல்கிறோம், அது வீட்டையே எரித்துவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு விடும். கசக்கிக் குவித்த துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றும். மரக் கூரையும் தாள்களும் உள்ள அறையில் ஒரு குப்பைக் கூடை போதும். துணியை வெளியே கொடியில் விரித்து முறுக்காக உலரும் வரை தொங்க விடுங்கள். இல்லையேல் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எந்த மாலையும் இதைச் செய்யாமல் விளக்கை அணைக்காதீர்கள்.

அக்ரிலிக் தண்ணீரை 20 லிட்டர் வாளியில் சேர்த்து வையுங்கள். தூரிகையைக் கழுவும் முன் துணியில் நன்றாகத் துடைத்தால் வாளி நிரம்பவே ஒரு வாரம் ஆகும். நிரம்பியதும் தண்ணீர் தெளியவைக்கப் பயன்படும் ஆலம் பொடி 5 மேசைக்கரண்டி போட்டுக் கலக்கி, அப்புறம் நீற்றிய சுண்ணாம்புப் பொடி அதே அளவு போட்டுக் கலக்கி இரவு முழுக்க விடுங்கள். நிறமும் பிளாஸ்டிக் துகளும் திரண்டு அடியில் படியும். மேல் தெளிவை வடிதாளில் இறுத்து, செப்டிக் தொட்டியில் சேராத தனி உறிஞ்சு குழிக்கு விடுங்கள். அந்தக் குழி கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் கிணறு சரிவில் கீழே இருப்பதால் குழியை வீட்டின் மறுபக்கம் தோண்டுவது இன்னும் நல்லது. அடி வண்டலை உலர்த்தித் திடக்குப்பையில் போடுங்கள். காட்மியம், கோபால்ட் உள்ள வண்ணம் எதுவும் தோட்டத்து மண்ணில் சேரவே கூடாது.

களிமண் சிற்பம் செய்கிறேன். 6 கிலோவாட் மின்சூளை வாங்கினேன். 1,150 டிகிரி வரை போகிறது, அதற்கு மேல் மணிக்கணக்கில் ஏறவில்லை. சூளையில் குறையா? — வாசகர், ஏற்காடு

முதலில் மல்டிமீட்டரை எடுத்து, சூளை ஓடும்போதே அதன் முனையில் வோல்டேஜ் பாருங்கள். மலை லைனில் மாலை வேளை 200 வோல்ட்டுக்கு இறங்குவது சாதாரணம். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது: 230-க்கு 6 கிலோவாட் தரும் சுருள் 200 வோல்ட்டில் 4.5 கிலோவாட்தான் தரும். அந்தச் சக்தியும் சூளைச் சுவர் வழியாகக் கசியும் சூடும் சமமாகும் இடத்தில் உங்கள் முள் நின்றுவிட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கம்பி மெலிசாக இருக்கும். 6 கிலோவாட்டுக்கு 26 ஆம்பியர் ஓடுகிறது, அதுவும் எட்டு பத்து மணி நேரம். மெயின் போர்டிலிருந்து தனியாக 10 சதுர எம்எம் செப்புக் கம்பி, 40 ஆம்பியர் எம்சிபி, பிளக் இல்லாமல் ஐசொலேட்டரில் நேரடி இணைப்பு, தனி எர்த் குழி. வீட்டின் பழைய 15 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள். மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடையும் உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்.

வோல்டேஜும் கம்பியும் சரியாக இருந்து முள் ஏறாவிட்டால் மட்டும் சுருளைச் சந்தேகப்படுங்கள். பழைய சுருளின் தடை வயதோடு கூடும்.

சூளையை மரக்கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். இரும்புக் குழாய்க் கால், தகரக் கூரை, இரண்டு பக்கம் திறந்த சிறு கொட்டகை போதும்; நாற்புறமும் 1½ அடி இடைவெளி விடுங்கள். களிமண்ணில் உள்ள கரிப்பொருள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், ஆகவே படுக்கையறைக்குப் பக்கத்துச் சுவர் ஆகவே ஆகாது. வனையும் அறையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் திரும்பாது; ஈரத் துணியால் துடையுங்கள்.

ஓவிய அறை ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய சில்வர் ஓக். வெட்டலாமா? — வாசகி, ஏற்காடு

சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிட முடியாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வீட்டை நீட்டிக் கட்டுவதானாலும் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய விதி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். எங்கள் எண்ணம்: மரம் நிற்கட்டும். ஜன்னலின் கீழ்விளிம்பை உயர்த்துவது மரத்தை வீழ்த்துவதைவிட மலிவு. கூரைக்கு மேல் நீளும் கிளை மட்டும் உண்மையான ஆபத்து. சில்வர் ஓக் காற்றில் கிளை முறிக்கும் மரம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலிலிருந்து 300 அடியில் ஒரு பழைய வீடு. மலைவீட்டு ஆலோசனை எங்களுக்கும் பொருந்துமா? — வாசகர், கோவளம்

வடக்கு வெளிச்சமும் சுண்ணாம்பும் அப்படியே பொருந்தும். உங்கள் எதிரி உப்புக் காற்று. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தது உங்கள் சாலையில்தான், அதே காற்றில்தான். இரும்பு ஆணி, கீல், தாழ்ப்பாள் எதுவும் வேண்டாம். பித்தளை அல்லது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. கேன்வாஸ் சட்டத்துக்கும் இரும்பு ஸ்டேப்ளர் ஊசி போடாதீர்கள், துருக்கறை துணியில் இறங்கும். பூச்சு மணல் ஆற்று மணல் அல்லது எம் சாண்டாக இருக்கட்டும். கடல் மணல் ஒரு சட்டி கலந்தாலும் சுவர் ஆண்டு முழுக்க வியர்க்கும். கடலைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் உப்புப் படலம் வெளிச்சத்தை மங்கலாக்கும்.

இன்னும் வாங்கவில்லை. பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? நான் 6 அடிக்கு 5 அடி கேன்வாஸில் வேலை செய்கிறேன். — வாசகி, சேலம்

அக்டோபர், நவம்பரில் மழை பெய்து முடிந்த மறுநாள் போங்கள். கோடையில் எல்லா வீடும் அழகாக இருக்கும். ஒரு டார்ச், ஒரு பெரிய ஸ்குரூடிரைவர், 30 அடி நூல், ஒரு திசைகாட்டி எடுத்துச் செல்லுங்கள். முகட்டின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் 2 அங்குலத்துக்கு மேல் தொய்வு இருந்தால் உத்தரம் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். கைமரம் சுவரில் உட்காரும் முனையை ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அழுகலோ கரையானோ உள்ளே இருக்கிறது. ஒலிக்கும் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அழுகல் தொடங்குவது சுவருக்குள் புதைந்த முனையில்தான். திசைகாட்டியை நடு அறையில் வைத்து, வடக்கே எந்தச் சுவர், அதில் திறக்க இடமுண்டா என்று பாருங்கள். வடக்கே மலை முட்டிக்கொண்டு நின்றால் அந்த வீடு ஓவியருக்கு ஆகாது. எழுத்தாளர் யாருக்காவது சொல்லுங்கள்.

கேன்வாஸ் விஷயம் பலர் மறப்பது. பழைய தோட்ட வீட்டு வாசல் 5½ அடி உயரம், 2½ அடி அகலம்தான் இருக்கும். உங்கள் 5 அடிப் பக்கத்தை நிமிர்த்தினால் நுழையும். உள்ளே நடை குறுகலாக இருந்து, அடுத்த அறைக் கதவு நேராக இல்லாமல் பக்கத்தில் இருந்தால் 6 அடி நீளம் திரும்பாமல் போகலாம். வீடு பார்க்கப் போகும்போதே 6 அடி நீளச் சட்டக் குச்சி ஒன்றைக் கையில் கொண்டுபோய் வாசலிலிருந்து ஓவிய அறை வரை கிடைமட்டமாகத் தூக்கிச் சென்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஓவிய அறையின் வெளிச்சுவரிலேயே 1 அடி அகலம், 7 அடி உயரத்தில் ஒரு பிளவு திறந்து, உள்ளே தாழிடும் ஒற்றைப் பலகைக் கதவு மாட்டலாம். கேன்வாஸை நிமிர்த்தியபடி நேராக வெளியே தள்ளிவிடலாம். அந்தப் பக்கம் சிறு லாரி பின்வாங்கி நிற்க 10 அடி சமதளம் இருக்கிறதா என்றும் அளந்து வாருங்கள்.